உண்ண மறுக்கும் உள்ளம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருவேளை உணவோடு விரதம் காப்பது திருப்பதி, சித்தூர் வட்டாரத்து இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆகையால், வீட்டுப் பெண் ஒருத்தி பல மாதங்களாக இலையை ஒதுக்கி வரினும், அதனைப் பக்தி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ பெற்றோர் எண்ணிவிடுதல் இயல்பே. விரதத்திற்கு முடிவு உண்டு. முடிந்ததும் உண்பதில் மகிழ்ச்சி உண்டு. நோய்க்கு இவ்விரண்டும் இல்லை. உடல் மெலிதல், மாதவிடாய் நின்றுபோதல், குளிர் தாங்காமை, நாடி தளர்தல் ஆகியவை அதன் குறிகளாம்.

இந்நோயை லண்டனில் வில்லியம் கல் என்பாரும், பாரிஸில் லாசேக் என்பாரும் 1873ஆம் ஆண்டில் விவரித்தனர். அனொரெக்சியா நெர்வோசா என்பது கல் வழங்கிய பெயர். அளவின்றி உண்டு, பின் தாமே வாந்தியெடுக்கும் புலிமியா என்ற பிறிதொரு வகையை 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் எடுத்துரைத்தார். வாந்தியினால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயம் நின்றுவிடவும் கூடுமாதலால், இதனைப் பெண்களின் பிடிவாதம் எனத் தள்ளுதல் தகாது. ஆடவருக்கும் இது வருவதுண்டு.

மேனாட்டு நூல்கள் பருமனைப் பற்றிய அச்சத்தையே இந்நோயின் முதற்குறியாகக் கூறும். ஆனால் 1993இல் ஹாங்காங்கில் ஆராயப்பெற்ற 70 நோயாளிகளில் 41 பேரிடம் அவ்வச்சம் காணப்படவில்லை. "பசியில்லை", "வயிறு உப்புகிறது" என்பன போன்ற காரணங்களே கூறப்பட்டன. நம் வீடுகளிலும் கேட்டுப் பழகிய சொற்களே இவை! சென்னையில் 210 மருத்துவ மாணவரிடையே நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், முழு நோயென்று கூறவியலாத உணவுத் துயரம் 31 பேரிடம் தென்பட்டது. துக்கம், நாணம், தேர்வச்சம், தன் வாழ்வில் தன் சொல் செல்லவில்லை என்னும் தவிப்பு ஆகியவை வாய்திறந்து வெளிப்பட வழியின்றி உணவின்மீது இறங்குவதுண்டு.

எனினும் எல்லா மனக்கலக்கத்தையும் காரணமென்று கொள்ளலாகாது. அதிற் பாதி விளைவாகவும் இருக்கலாம். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், திடகாத்திரமான 36 ஆடவர்க்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்த அவர்கள், சிடுசிடுப்பும் சோர்வும் மிக்கவராய், இரவும் பகலும் உணவையே எண்ணிக் கிடந்தனர். இதனாலேயே, மனத்தை ஆராய்வதோடு உடலைத் தேற்றுவதும் சிகிச்சையின் முதற்படியாகிறது. அதையும் அவசரமாகச் செய்தல் ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென மிகுதியாக உணவளித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் வீழ்ந்து உயிருக்கே கேடு நேரலாம். மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது.

புலிமியாவிற்கு, வேளை தவறாது உண்பதையும், உண்டதையும் அப்போதைய மனநிலையையும் அன்றாடம் குறித்து வருவதையும் அடிப்படையாகக் கொண்ட உரையாடல் சிகிச்சை பயன் தருகிறது. அனொரெக்சியாவிற்கோ, இளவயதினரிடத்தில் குடும்பமே மருந்து. 19 வயதிற்கு முன் நோயுற்று, மூன்றாண்டு கடவாதவர்க்குத் தனிச் சிகிச்சையினும் குடும்பச் சிகிச்சையே மேல் என்பதை 1987இல் லண்டன் ஆய்வொன்று காட்டியது. பெற்றோர் முதலில் உணவுப் பொறுப்பை ஏற்பர். எடை தேறியபின் அப்பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளையிடமே ஒப்படைப்பர். பழிசுமத்தலுக்கு இதில் இடமில்லை. "நோய்தான் மறுக்கிறது, மகள் அல்லள்" என்பதே இம்முறையின் கருத்து.

இதனை அந்நியச் சரக்கென்று கருத வேண்டுவதில்லை. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியுடன் உறவினரும் தங்கிச் சிகிச்சையிற் பங்குகொள்ளும் ஏற்பாடு 1950களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு ஊட்டிவிட்ட கை நம்மிடம் என்றும் உண்டு; அதற்கு வழிகாட்டுதலே தேவை.

முதல் யோசனைக்கு, 2022இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருப்பின் தொலைபேசியில் காலங்கடத்தாது உடனே மருத்துவமனைக்குச் செல்க. எடை எப்போது குறையத் தொடங்கிற்று, மாதவிடாய் எப்போது நின்றது, உணவுக்குப்பின் வாந்தி உண்டா ஆகிய மூன்றையும் குறித்துக் கொண்டு செல்வது மருத்துவர்க்குப் பேருதவியாகும்.