கழுகுமலையில் ஒரு பகற்பொழுது

தென்னாட்டுத் தலயாத்திரை என்றதும் மதுரை, சிதம்பரம், இராமேசுவரம் முதலிய பெருந்தலங்களே நம் நினைவில் முந்துகின்றன. அவற்றைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் கழுகுமலைக்கென ஒரு பகற்பொழுதை ஒதுக்குவாராயின், சைவமும் சமணமும் ஒரே மலையில் அடுத்தடுத்து விட்டுச்சென்ற செல்வத்தைக் கண்ணாரக் கண்டு திரும்பலாம்.

தூத்துக்குடி மாவட்டத்திலே, கோவிற்பட்டிக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது இவ்வூர். இராமாயணத்துச் சடாயுவின் தமையனான சம்பாதி வழிபட்டமையால் இப்பெயர் வந்ததென்பர். அடிவாரத்தில் மலையைக் குடைந்தமைத்த கருவறையிலே கழுகாசலமூர்த்தியாக முருகன் எழுந்தருளியிருக்கிறான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இப்பெருமான் மீதே.

வழிபாடு முடித்து மலையேறினால், வெட்டுவான் கோயில் நம்மைத் திகைக்க வைக்கிறது. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையின் மூன்று புறமும் சுமார் 25 அடி ஆழம் வெட்டி, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லையே விமானமாகச் செதுக்கினர். கல்மேற் கல் அடுக்கும் கோயில் அடியிலிருந்து எழும். இதுவோ சிகரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியது. ஓர் உளி தவறினும் மாற்றுக் கல் இல்லை. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் எழில் சொல்லுந்தரமன்று. ஆயினும் பணி அடிப்பகுதியை எட்டுமுன் நின்றுவிட்டது. மகனின் புகழைப் பொறாத தந்தைச் சிற்பி அவனைக் கொன்றான் என்பது ஊரார் சொல்லும் கதை. உண்மைக் காரணத்தையோ சிற்பியின் பெயரையோ அக்கல் கூறவில்லை.

சற்று அப்பாற் சென்றால் காட்சி மாறுகிறது. பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். பாம்புக் குடையின்கீழ்ப் பார்சுவநாதர். கொடி படர்ந்த பாகுபலி. சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை. பெரும்பாலான சிற்றுருவங்களின் கீழே வட்டெழுத்து வரிகள் உள்ளன. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவற்றின் செய்தி. செய்வித்தோர் அரசரல்லர், தச்சரும் குயவரும் போன்ற எளியோர். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் ஆசிரியராக விளங்கி, மாணவரைப் பெற்றிருந்த செய்தியையும் இவ்வரிகளே நமக்குத் தருகின்றன. தமிழகப் பெண்கல்வியின் வரலாற்றைத் தேடும் மாணவருக்கு இதனினும் உறுதியான சான்று வேறு என்ன வேண்டும்?

மாபெருங் கோயிலைச் செதுக்கியவன் பெயரின்றி மறைந்தான். ஒரு சாண் உருவத்துக்குப் பொருளளித்த எளியவன் பெயரோடு நிலைத்தான். இரண்டையும் ஒருசேரக் காணும்போது நம்முள்ளத்தில் ஏதோ ஒன்று அடங்குகிறது.

பழைய சுவர்களில் ஆணியாற் பெயர் கீறிச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழியவில்லை. அன்று பெயர் பொறித்தோர், முதலில் ஓர் அழகைப் படைத்தளித்தனர். பெயர் அதன் கீழே நின்றது. எதையும் அளிக்காது பெயரை மட்டும் கீறுவோர், முன்னோர் வரிகளையே அழிக்கின்றனர். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இவ்வேறுபாட்டை அப்பாறையின் முன்னே நின்று சொல்லிக் கொடுப்பாராக. வெயில் ஏறுமுன் காலையிலேயே மலையேறுவது நன்று.