மாணவர் கடிதம் கடல் கடக்கட்டும்

கடிதப் பயிற்சியில் மாணவர் எழுதுவதை ஆசிரியர் மட்டுமே படிக்கிறோம். ஒரகடத்தில் ஜப்பானிய, கொரியப் பெயர்ப்பலகைகளைத் தினமும் பார்க்கும் என் மாணவர்களுக்கு வெளிநாட்டிலும் வாசகர் கிடைக்க ‘போஸ்ட்கிராஸிங்’ இணையதளம் உதவும்.

2005இல் போர்ச்சுகலில் தொடங்கப்பட்ட இத்தளம் ஏதேனும் ஒரு நாட்டவரின் முகவரியையும் குறியீட்டு எண்ணையும் தரும். அஞ்சலட்டையில் செய்தியுடன் அவ்வெண்ணையும் எழுதி, உரிய அஞ்சல்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். பெற்றவர் எண்ணைப் பதிவு செய்ததும் நம் முகவரி இன்னொருவருக்குச் செல்லும். அவர் நமக்கு எழுதுவார். பெற்றவரே பதில் எழுத மாட்டார் என்பதை மாணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும். பள்ளி முகவரி மட்டும் போதும். பெறுநர் முகவரியின் கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதப் பழக்குங்கள்.