ஆறிவிட்டதாகத் தோன்றும் கஞ்சி

ரமலான் மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் முற்றத்தில் தூக்குச் சட்டிகளோடு சிறுவர் சிறுமியர் வரிசையில் நிற்பர். பெரிய தேக்சாவிலிருந்து நோன்புக் கஞ்சியை அகப்பையால் முகந்து அவர்களுடைய பாத்திரங்களில் ஊற்றுவார்கள். மஃரிபு பாங்குக்கு முன் வீடு சேர வேண்டுமென்ற ஆவலில் பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகத் திரும்புவர். கையில் ஆடிக்கொண்டு வருகிற அந்தச் சட்டிக்குள் எவ்வளவு வெப்பம் அடைபட்டிருக்கிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. மேலே மெல்லிய ஆடை படிந்திருந்தால் போதும், "ஆறிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இப்படி எண்ணி ஏமாந்தவர்களுள் பெயர் பெற்ற விஞ்ஞானி ஒருவரும் உண்டு. அமெரிக்காவில் பிறந்து, பவேரியா நாட்டு அரசில் பணிபுரிந்த கவுண்ட் ரம்ஃபோர்டு (1753–1814) என்பவரே அவர். கெட்டியான அரிசிக் கஞ்சியை ஆற வைத்துவிட்டு, மேற்பரப்பு குளிர்ந்திருக்கக் கண்டு உண்ணத் தொடங்கியவர், அடியிலிருந்த கஞ்சியால் வாயைச் சுட்டுக்கொண்டார். வேறொருவராயிருந்தால் சமையற்காரரைக் கடிந்துகொண்டு எழுந்திருப்பார். இவரோ "தண்ணீர் சீக்கிரம் ஆறுகிறதே, கஞ்சி ஏன் ஆறவில்லை?" என்று ஆராயத் தலைப்பட்டார்.

வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து சூடு குறைந்த பொருளை நோக்கியே செல்லும். இரண்டும் ஒரே சூட்டை அடையும்வரை இந்தப் பயணம் ஓயாது. ஆனால் அது செல்லும் வேகம் வழிக்கு வழி மாறும். ஒரு குவளைத் தேநீரை எடுத்துக்கொள்வோம். மேற்பரப்பிலுள்ள தேநீர் காற்று பட்டுக் குளிர்கிறது. குளிர்ந்ததும் கனம் கூடிக் கீழே இறங்குகிறது. அடியிலுள்ள சூடான தேநீர் மேலே வந்து தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. இதனை வெப்பச் சலனம் என்பர். நோன்புக் கஞ்சியில் குழைந்த அரிசியும் பருப்பும் கறியும் நீரை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. மேலே குளிர்ந்தது கீழே இறங்க வழியில்லை. எனவே நடுவிலுள்ள வெப்பம் அணு அணுவாகக் கைமாறித்தான் வெளியேற வேண்டும். இது வெப்பக் கடத்தல். இந்த வேலைக்குத் தண்ணீர் மிகவும் சோம்பேறி. செம்பு அதைவிட 600 மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மேலே படிந்த ஆடையோ ஆவி வெளியேறுவதையும் தடுத்து, உள்ளே இருப்பதற்குப் போர்வையாகிவிடுகிறது.

பாத்திரத்தின் அளவும் இதில் சேர்ந்துகொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் உள்ளே பிடிக்கும் கஞ்சி எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ நான்கு மடங்குதான். ஆகவே தேக்சாக் கஞ்சி நெடுநேரம் கொதிநிலையை ஒட்டியே இருக்கும். ஸஹருக்கென்று மீதியை எடுத்து வைப்பவர்கள், ஆழமான சட்டியில் வைக்காமல் அகன்ற தட்டுகளில் பரப்பி ஆற்றி, பிறகு குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. வெதுவெதுப்பாகவே கிடக்கும் உணவில்தான் கிருமிகள் பெருகும்.

அகப்பையைப் பற்றியும் ஒரு சொல். அலுமினியம் எவர்சில்வரைவிடச் சுமார் 15 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கஞ்சியில் கிடந்த அலுமினியக் கரண்டியின் காம்பைப் பிடித்தவர் அதைத் திடீரென்று கைவிடுவதும், கஞ்சி தெறிப்பதும் இதனால்தான். நம் பாட்டிமார் சிரட்டையில் மரக்காம்பு செருகிய அகப்பையைப் பயன்படுத்தியது வறுமையால் மட்டுமன்று.

நீராவியின் சூடு இன்னும் கொடியது. கொதிநிலையிலுள்ள 1 கிராம் வெந்நீர் தோலில் பட்டு உடல் சூட்டுக்குத் தணியும்போது ஏறத்தாழ 63 கலோரி வெப்பத்தைக் கொடுக்கும். அதே 1 கிராம் நீராவியோ, நீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு அந்த 63 கலோரியையும் கொடுக்கும். ஆகையால் பிரியாணி தம்மைத் திறக்கும்போது மூடியின் மறுபுற விளிம்பை முதலில் தூக்க வேண்டும். ஆவி முகத்தை விட்டு அப்பால் போகும்.

உணவிலும் பானத்திலும் ஊதுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கும் தாய்மார் தட்டில் மெல்லியதாகப் பரப்பிக் கிளறிக் கொடுக்கலாம். அடியில் இருப்பது மேலே வந்துவிடுவதால், ஊதுவதைவிட அது விரைவாகவே ஆறும்.

இனி, கஞ்சி உடலில் கொட்டிவிட்டால் என்ன செய்வது? 60 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீர் ஏறக்குறைய 5 நொடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். சிறு பிள்ளைகளின் தோல் மெல்லியது. அவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. வெந்நீர் வழிந்தோடிவிடும், கஞ்சியோ ஒட்டிக்கொண்டு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதைத் துடைத்தெறிந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. நம் தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் பெரும்பாலும் கஞ்சியைப் போலவே வெப்பத்தை மெல்லக் கடத்துபவை. உள்ளே புகுந்த சூடு உடனே வெளியே வராது. ஆழத்திலுள்ள சதையை நோக்கியும் நகரும். அதனை வெளியே இழுப்பதற்கு ஓடுகின்ற குளிர்ந்த நீரே ஏற்றது. குழாய்த் தண்ணீரை 20 நிமிடங்கள் விடாமல் புண்ணின்மீது ஓடவிட வேண்டும். உடனே செய்ய இயலாமற்போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பயனுண்டு.

பேனா மை, பற்பசை, தோசை மாவு, வெண்ணெய் ஆகியவற்றை அள்ளிப் பூசுகிற வழக்கம் இன்னும் நம் வீடுகளில் போகவில்லை. இவை வெப்பத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுவதோடு, புண்ணில் கிருமியையும் சேர்க்கும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனையைச் சொல்லி முடியாது. பனிக்கட்டியும் வேண்டாம். அளவு கடந்த குளிர் இரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும்.

கஞ்சி ஊறிய ஆடையை உடனே கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய பகுதியை மட்டும் பிய்க்காமல் விடவேண்டும். பெண் பிள்ளை என்று கருதி, நாலு பேர் நிற்கும் இடத்தில் ஆடையைக் களையத் தயங்குவோர் உண்டு. அந்தச் சில நொடிகளில் துணி தன் சூட்டைத் தோலுக்குள் இறக்கிவிடுகிறது. சுற்றிலும் ஒரு போர்வையைப் பிடித்து மறைத்துக்கொண்டு கழற்றலாமே! வளையல், மோதிரம் முதலியவற்றையும் வீக்கம் தொடங்குமுன் எடுத்துவிடவேண்டும். நீர் ஓடும்போது பிள்ளை குளிரில் நடுங்காதபடி மற்ற உறுப்புகளை மூடி வைக்கலாம். பிறகு சுத்தமான துணியால் புண்ணை மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கொப்புளங்களை உடைக்கலாகாது. வெந்தவர் நோன்பாளியாயிருந்து மருத்துவர் நீர் அருந்தச் சொன்னால், அருந்தட்டும்; நோயாளி அந்த நோன்பை வேறு நாளில் நோற்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகிகள் ஒன்று செய்யலாம். சிறு பிள்ளைகளின் சட்டியில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையில் கொடுக்கலாம். தேக்சாவை ஹவ்ளுக்கோ, ஒளூச் செய்யும் குழாய்களுக்கோ பக்கத்தில் வைத்துக்கொண்டால், தண்ணீருக்காக எவரும் ஓடவேண்டியிராது.