கடைப் பலகைக்கு உருண்டை எழுத்து: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கடைக்குள் நுழையும் முன்பே வாடிக்கையாளர் நம் பெயர்ப்பலகையைப் பார்த்து ஓர் எண்ணத்துக்கு வந்துவிடுகிறார். ஆகவே பலகையில் என்ன எழுதுவது என்பதோடு, எந்த எழுத்தில் எழுதுவது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

முனைகள் மழுங்கி, கொழுகொழுவென்று, விளையாட்டாகத் தோன்றும் எழுத்து வகை ஒன்று உண்டு. தமிழில் இதற்கு நல்ல உதாரணம் 'பலூ தம்பி'. மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' குழுவினர் உருவாக்கியது. பலூ என்பது கரடியின் பெயர். இதன் தெலுங்கு வடிவம் 'பலூ தம்முடு', மலையாள வடிவம் 'பலூ சேட்டன்'. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சகோதரர்கள்.

எளாவூர் வணிகர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் பலகையில் தெலுங்கும் தேவைப்படுகிறது. தமிழ் ஒரு மாதிரியும் தெலுங்கு வேறு மாதிரியும் இருந்தால் பலகை ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். இந்தக் குடும்ப எழுத்துகளில் அந்தக் குறை இல்லை. ஆனால் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்ற அரசு விகிதத்தை மறக்கலாகாது. தமிழே முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

இவ்வெழுத்து நட்பாகப் பேசும். மிட்டாய், பிஸ்கட், ஐஸ்கிரீம், பள்ளி நோட்டு, பொங்கல் தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றுக்குப் பொருத்தமானது. மருந்துக்கடைக்கும் நகைக்கடைக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது நிதானத்தை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தடித்த எழுத்தைச் சிறிதாக அச்சிட்டால் உள்ளிடைவெளி அடைபடும். 'ண', 'ன' வேறுபாடு மங்கும். 3, 6, 8 ஒன்றுபோல் தோன்றும். 38 ரூபாயை 88 என்று படித்தவர் வாங்காமலே போய்விடுவார். 88-ஐ 38 என்று படித்தவர் கல்லாவில் தகராறு செய்வார். இரண்டும் நமக்கே நஷ்டம்.

பருப்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைச் சொந்தமாகப் பாக்கெட் போடுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை போன்ற விவரங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். எழுத்துக்குக் குறைந்தபட்ச உயரமும் உண்டு. 1 போன்ற சிலவற்றைத் தவிர, அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. எனவே பொருளின் பெயரை உருண்டை எழுத்தில் போடுங்கள். எடை, விலை, தேதி ஆகியவற்றைச் சாதாரண எழுத்தில் போடுங்கள்.

பலூ தம்பிக்குக் கட்டணம் கிடையாது. கூகுள் எழுத்துரு தளத்தில் எடுத்துக்கொள்ளலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். 'பலூ தம்பி 2' என்ற பதிப்பில் ஐந்து தடிமன்கள் உள்ளன. விலை அட்டைக்கு மெல்லியதைக் கேளுங்கள். இது யூனிகோடு எழுத்து. பழைய முறையில் அடித்து வைத்த விலைப்பட்டியல் எழுத்துருவை மாற்றுவதால் மட்டும் இதற்கு மாறாது. யூனிகோடு மாற்றியில் இட்டு மாற்ற வேண்டும், அல்லது புதிதாக அடிக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மாதிரித் தாள் எடுத்து, பத்தடி தள்ளி நின்று வயதான ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்தால் தாராளமாக அச்சிடலாம்.