தானுந்து எஞ்சின் மீளமைப்பு

தானுந்து எஞ்சின் மீளமைப்பு என்பது தேய்ந்துபோன எஞ்சின் ஒன்றை முழுவதும் பிரித்து, அளந்து, தேய்ந்த பரப்புகளைக் கடைந்து சீர்செய்து, பொருத்தமான உறுப்புகளுடன் மீண்டும் பூட்டும் பணி ஆகும். முதன்முறையாக இப்பணியில் ஈடுபடுவோர் செய்யும் பல பிழைகள், பூட்டத் தொடங்கும் முன்பே, உறுப்புகளை வாங்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொழுதுபோக்காக எஞ்சின் கட்டுவோர் பலர் முதலில் கையாளும் செவ்ரோலெட் 350 எஞ்சின் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

செவ்ரோலெட் 350

செவ்ரோலெட் நிறுவனம் 1955 ஆம் ஆண்டு 265 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட, வி வடிவில் எட்டு உருளைகள் அமைந்த எஞ்சின் ஒன்றை அறிமுகப்படுத்தியது. 'சுமால் பிளாக்' எனப்படும் இவ்வகையில் 350 கன அங்குல (5.7 லிட்டர்) எஞ்சின், 1967 ஆம் ஆண்டு மாதிரியான கமாரோ தானுந்தில் முதலில் இடம்பெற்றது. இதன் உருளை விட்டம் 4.00 அங்குலம், பிஸ்டனின் வீச்சு 3.48 அங்குலம். நெடுங்காலம் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டதால் இதற்கான உறுப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. எனினும் வெவ்வேறு ஆண்டுகளின் உறுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

நோக்கத்தை வரையறுத்தல்

எஞ்சின் எவ்வண்டிக்கு, எவ்வகை ஓட்டத்திற்கு, எந்த எரிபொருளுக்கு என்பன முதலில் முடிவு செய்யப்பட வேண்டும். அன்றாடம் சாலையில் ஓடும் வண்டிக்கு, நிமிடத்திற்கு 1500 முதல் 5500 சுற்றுகள் வரையிலான வேகத்தில் நல்ல முறுக்குவிசை தேவை. பந்தய வண்டிக்கு அதற்கும் மேலான வேகத்தில் திறன் தேவை. இவ்விரண்டிற்கும் உரிய உறுப்புகளைக் கலந்து பூட்டினால் எஞ்சின் இரண்டு வேலைக்கும் உதவாது.

பிளாக்கை ஆய்தல்

உருளைகளைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கட்டு பிளாக் எனப்படும். பிஸ்டன்களை வாங்கும் முன் பிளாக்கைக் கழுவி, காந்தத்துகள் முறையில் விரிசல் உள்ளதா எனப் பார்த்து, உருளைகளின் தேய்மானத்தை அளக்க வேண்டும். தேய்மானம் மிகுந்திருந்தால் உருளைகள் அகலமாகக் கடையப்படும். 0.030 அங்குலம் (0.76 மி.மீ.) கடைவது வழக்கம், அப்போது கொள்ளளவு 355 கன அங்குலமாக உயரும். எவ்வளவு கடைய வேண்டும் என்பதை அளவீடே காட்டும். எனவே முன்கூட்டியே வாங்கிய பிஸ்டன்கள் பயனற்றுப் போகக்கூடும். இறுதி மெருகிடல் மட்டும், பிஸ்டன்கள் கைக்கு வந்தபின் அவற்றின் அளவுக்கு ஏற்பச் செய்யப்படும்.

பொருத்தம் பார்த்தல்

1986 ஆம் ஆண்டு மாதிரி முதல் கிராங்க் தண்டின் பின்புற எண்ணெய்த் தடுப்பு, இரு துண்டுகளுக்குப் பதிலாக ஒரே வளையமாக மாற்றப்பட்டது. இதனால் பழைய கிராங்க் தண்டு புதிய பிளாக்கில் நேரடியாகப் பொருந்தாது. சமன்செய்யும் எடையின் ஒரு பகுதி பறக்கும் சக்கரத்திற்கு மாற்றப்பட்டதால் அச்சக்கரமும் உரிய வகையினதாக இருக்க வேண்டும். தவறினால் எஞ்சின் கடுமையாக அதிரும்.

1996 ஆம் ஆண்டில் அறிமுகமான 'வோர்டெக்' உருளைத்தலைகள் காற்றோட்டத்திற்குப் பெயர்பெற்றவை. ஆனால் இவற்றில் உட்கொள் குழாய்த்தொகுதி 8 மரைகளால் பொருத்தப்படுகிறது. பழைய தலைகளில் 12 மரைகள். ஆகவே மலிவாகக் கிடைத்த தலைக்காகக் குழாய்த்தொகுதியையும் புதிதாக வாங்க நேரிடும்.

அழுத்த விகிதம்

பிஸ்டன் கீழ்முனையில் இருக்கும்போதுள்ள கொள்ளளவை, அது மேல்முனையில் இருக்கும்போதுள்ள கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். 355 எஞ்சினில் ஓர் உருளையின் வீச்சுக் கொள்ளளவு சுமார் 727 கன செ.மீ. எரியறை 64, தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலான கேஸ்கெட் 9, பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடைவெளி 5, வால்வுக்காகப் பிஸ்டனில் வெட்டிய பள்ளங்கள் 5 எனக் கொண்டால் மேல்முனைக் கொள்ளளவு 83 கன செ.மீ. ஆகும். விகிதம்:

(727 + 83) ÷ 83 = சுமார் 9.8

1970களின் பல தலைகளில் இருந்ததைப் போல எரியறை 76 கன செ.மீ. எனில் விகிதம் 8.7 ஆகக் குறையும். பிஸ்டனை மாற்றாமலேயே இவ்வேறுபாடு ஏற்படுகிறது. விகிதம் மிகுந்தால் உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோல் தேவை; இல்லையேல் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கலாம். எனவே பிஸ்டனும் உருளைத்தலையும் சேர்த்தே தெரிவு செய்யப்பட வேண்டும்.

கேம் தண்டும் கார்புரேட்டரும்

வால்வுகள் எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறந்திருக்கும் என்பதைக் கேம் தண்டு தீர்மானிக்கிறது. நீண்ட நேரம் திறக்கும் கேம் தண்டு உயர் வேகத்தில் திறன் தரும். ஆனால் குறைந்த வேகத்தில் முறுக்குவிசையையும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தையும் குறைக்கும். பெரிய கேம் தண்டே சிறந்தது என்ற எண்ணம் புதியவர்களிடம் காணப்படும் பொதுவான தவறு ஆகும்.

கார்புரேட்டரின் அளவையும் கணக்கிட்டே தெரிவு செய்யலாம். கன அங்குலக் கொள்ளளவை உச்ச சுற்று வேகத்தால் பெருக்கி 3456 ஆல் வகுக்க வேண்டும். 355 எஞ்சினுக்கு 5500 சுற்றுகளில் நிமிடத்திற்குச் சுமார் 565 கன அடி காற்று என விடை வரும். உருளைகள் நடைமுறையில் முழுவதும் நிரம்புவதில்லை என்பதால் 600 கன அடி அளவுள்ள கார்புரேட்டர் போதுமானது.

செலவுத் திட்டம்

பளபளப்பான உறுப்புகளுக்கே பணம் முழுவதையும் ஒதுக்குவோர், பட்டறைக் கூலி, தாங்கிகள், கேஸ்கெட்டுகள், மரைகள், எண்ணெய்ப் பம்பு ஆகியவற்றை மறந்துவிடுகின்றனர். பணம் போதாதபோது கைவிடப்படுவது பெரும்பாலும் அளவீடும் கடைசல் வேலையுமே. எஞ்சினின் ஆயுளோ அவற்றையே சார்ந்துள்ளது.

பூட்டுதலும் முதல் இயக்கமும்

கிராங்க் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே, தண்டின் ஓர் அங்குல விட்டத்திற்கு ஏறத்தாழ 0.001 அங்குலம் இடைவெளி விடுவது பொது விதி. 350 எஞ்சினின் முதன்மைத் தாங்கிகளுக்கு இது சுமார் 0.0025 அங்குலம் (0.06 மி.மீ.) ஆகும். புதிய உறுப்பு என்பதற்காக இதை அளக்காமல் விடலாகாது.

முதலில் இயக்கும் முன் எண்ணெய்ப் பம்பைத் தனியே சுழற்றி, எண்ணெய் எல்லா இடங்களுக்கும் செல்வதை உறுதி செய்ய வேண்டும். தட்டையான டாப்பெட்டுகள் கொண்ட எஞ்சினைத் தொடங்கியவுடன் நிமிடத்திற்குச் சுமார் 2000 சுற்றுகளில் 20 முதல் 30 நிமிடங்கள் ஓட்டுவர். குறைந்த வேகத்தில் கேம் தண்டின் மீது போதிய எண்ணெய் தெறிக்காது என்பதே இதன் காரணம். இதற்குத் துத்தநாகமும் பாசுபரசும் மிகுந்த எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது. இப்படியைத் தவிர்த்தால் புதிய கேம் தண்டு முதல் நாளிலேயே தேய்ந்து, அதன் இரும்புத்துகள்கள் தாங்கிகள் அனைத்தையும் கெடுத்துவிடக்கூடும்.