மூச்சின் முன்வாசல் – 9: மேட்டுக்கு ஏறும் சளி

மூக்குக்குள் தட்டுத் தட்டாக நிற்கும் மடிப்பெலும்புகள் காற்றைச் சூடாக்கி அனுப்பும் வேலையைப் போன வாரம் பார்த்தாயிற்று. அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் டான்சில், அடினாய்டு என்றுதான் அறிவிப்பு. ஆனால் தொண்டைக்கு இறங்கும் முன் கன்னத்தெலும்புக்குள் ஒரு விஷயம் வழிமறிக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மூக்குக்குப் பக்கத்தில், கண்ணுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் எலும்பு தட்டுப்படும். மெல்லிய எலும்புதான். அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய வெற்றறை: மேல்தாடைச் சைனஸ். வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் சுமார் 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு கொள்ளும். அறைச் சுவர் முழுக்கச் சளி ஊறிக்கொண்டே இருக்கும். ஊறுவது வெளியேற வேண்டும் அல்லவா? அதற்கான துளை அறையின் அடியில் இல்லை. மூக்கை ஒட்டிய உள்சுவரில், கூரைக்குச் சற்றே கீழே இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வழிகுழாயை மட்டும் வைத்து, அடிக்குழாய் வைக்காமல் விட்டதைப் போன்ற அமைப்பு.

ஆகவே நாம் நிற்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் சளி மேட்டுக்கு ஏறித்தான் வெளியேற வேண்டும். ஏறவும் செய்கிறது.

ஏற்றிவிடுபவை சிலியா என்னும் நுண்முடிகள். சுவரைப் போர்த்தியிருக்கும் செல் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 200. ஒரு மில்லிமீட்டரை நூற்றைம்பது துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, ஏறக்குறைய அதுதான் ஒன்றின் நீளம். நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அடிக்கின்றன. முன்னே அடிக்கும்போது விறைத்து நிமிர்ந்து, மேலே மிதக்கும் பிசுபிசுப்பான சளிப்படலத்தை நுனியால் தள்ளும். திரும்பும்போது மடங்கி, அடியிலுள்ள நீர்த்த அடுக்குக்குள் பதுங்கி வரும். மூக்கிலிருந்து சுரண்டியெடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், காற்றடிக்கும்போது நெல்வயலில் அலை ஓடுவதைப் போல வரிசை வரிசையாகச் சாய்ந்து எழுவது தெரியும். இந்த அடியில் சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறது. அறையின் தரையில் தொடங்கி, எல்லாச் சுவர்களிலும் ஏறி, அந்த ஒரே துளையில் போய்ச் சேர்கிறது.

அறை இருப்பது தெரிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. லியனார்டோ டா வின்சி 1489-ல் மண்டையோட்டை அறுத்து இதைத் துல்லியமாக வரைந்திருக்கிறார். 1651-ல் இங்கிலாந்து மருத்துவர் நதானியேல் ஹைமோர் தம் உடற்கூறு நூலில் இதை விரித்து எழுதியதால் பின்னாளில் அவர் பெயரே இதற்கு வந்தது. அந்த நூலில் ஒரு பெண் வருகிறார். கோரைப்பல் பிடுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஓட்டை எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவரே ஒரு பறவை இறகை உரித்து உள்ளே விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. மூளைக்கே போய்விட்டது என்று நடுங்கி ஹைமோரிடம் ஓடினார். இறகு உள்ளே வெற்றறையில் சுருண்டுதான் கிடக்கிறது என்று விளக்கி அவரைத் தேற்றியிருக்கிறார் மருத்துவர். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் இந்த அறையின் தரையை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதை இன்றைய பல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். ஒரு பக்கம் மட்டும் சைனஸ் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால் பல்லையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அறை தெரிந்தது, சளி போகும் வழி தெரியவில்லை. 1893-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்ட்வெல், 1897-ல் பாரிஸில் ஹென்றி லுக் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் அறுவை முறையை எழுதினார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேல் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டும். நோயுற்ற சவ்வை வழித்தெடுத்துவிட்டு, மூக்குக்குள் தாழ்வான இடத்தில் புதிதாக ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். பள்ளத்தில் ஓட்டை போட்டால் நீர் தானே வடியும் என்பது கணக்கு. தொட்டிக்குச் சரியான கணக்குதான். பல பத்தாண்டுகள் இதுவே நடைமுறையாக இருந்தது. கன்னம் மரத்துப்போன நோயாளிகளும் நிறைய.

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரின் வால்ட்டர் மெசர்க்ளிங்கர் 1950-களில் இந்தப் பாதைகளைத் தேட ஆரம்பித்தார். உயிர் போன பிறகும் பல மணி நேரம் சிலியாக்கள் அடித்துக்கொண்டிருக்கும். இறந்தவர்களின் சைனஸ் சவ்வில் சளி நகர்வதை அவர் படம்பிடித்தார். தாழ்வாக வெட்டிய ஜன்னலைச் சளி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு, மேலேயிருக்கும் பழைய துளைக்கே ஏறிப் போகிறது. இதற்கு முன்பே அமெரிக்காவின் ஆண்டர்சன் ஹில்டிங் இந்தத் திசையில் ஆராய்ந்திருந்தார் என்றாலும், சிகிச்சையைத் திருப்பிப் போட்டது கிராட்ஸ்தான். சிலருக்கு இன்னும் விந்தை: இயற்கைத் துளை வழியே வெளியேறிய சளி, வெட்டிய ஜன்னல் வழியே மறுபடி உள்ளே நுழைந்து சுற்றிச் சுற்றி வருகிறது.

மெசர்க்ளிங்கர் இன்னொன்றும் கண்டார். கன்னத்து அறையும் நெற்றி அறையும் சீழ் பிடிப்பது பெரும்பாலும் அவற்றின் சொந்தக் குற்றத்தால் அல்ல. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள தேன்கூடு போன்ற எத்மாய்டு அறைகளின் முன்பகுதியில் சந்துகள் மிகக் குறுகலானவை. அங்கே இரண்டு சவ்வுகள் வீங்கி ஒட்டிக்கொண்டால் பெரிய அறைகளின் வாசலும் சேர்ந்து அடைபடும். அந்தச் சந்தை மட்டும் சீராக்கினால் பெரிய அறைகள் தாமாகவே தேறிவிடுகின்றன. 1980-களின் நடுவில் அவர் வழிவந்த ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் பரப்பிய எண்டோஸ்கோப் அறுவை இதன்மேல் எழுந்தது.

சாதாரண ஜலதோஷத்திலும் இதே கதைதான். வைரஸ் தாக்கிச் சிலியா செல்கள் உதிர்கின்றன, சவ்வு வீங்குகிறது, வாசல் அடைகிறது. குனிந்தால் முகம் கனக்கிறது. பெரும்பாலோருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே இது தணியும். பத்து நாளாகியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து திரும்பவும் ஏறினால் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

சிலியா வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. மூக்கின் கீழ் மடிப்பில், முன்நுனிக்குச் சற்று உள்ளே, மருத்துவர் ஒரு சாக்கரின் துகளை வைப்பார். தும்மாமல், உறிஞ்சாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். துகள் கரைந்து, சளியோடு பின்னால் நகர்ந்து தொண்டைக்கு வந்ததும் இனிப்பு தெரியும். வழக்கமாக அரை மணிக்குள் தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரமானாலும் தெரியாதவர்களும் உண்டு. 1933-ல் ஜூரிக்கில் மானெஸ் கார்டகெனர் விவரித்த நோயாளிகள் அப்படிப்பட்டவர்கள். சைனஸில் தீராத அழற்சி, நுரையீரலில் தீராத சளி, அவற்றோடு இதயம் வலப்பக்கம். மூன்றுக்கும் என்ன உறவு? ஸ்டாக்ஹோமில் பியோர்ன் அஃப்செலியஸ் 1976-ல் விடையை வெளியிட்டார்: சிலியாவை இழுத்து வளைக்கும் புரதக் கைகள் இவர்களுக்கு இல்லை. கருவிலும் சிலியாவின் சுழற்சிதான் உள்ளுறுப்புகளுக்கு இடம் வலம் காட்டுகிறது. அந்தச் சுழற்சி இல்லாதபோது இதயம் எந்தப் பக்கம் என்பது பூவா தலையா போட்டதாகிவிடுகிறது. இந்தக் குறையோடு பிறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன.

டான்சில் அடுத்த வாரம்.