பத்து செகண்ட் ரகசியம்!

ஷூட்டிங் வேடிக்கை பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். லைட் ரெடி, கேமரா ரெடி. டைரக்டர் மட்டும் நடிகரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் காதோடு காதாக ஏதோ சொல்வார். பத்தே செகண்ட்தான். திரும்பி வந்த நடிகர் பிய்த்து உதறுவார்!

அப்படி என்னதான் ஸார் சொல்வார்கள்?

'எனக்கு இந்த உணர்ச்சி இயல்பா வரலியே' என்று ஹிட்ச்காக்கிடம் இங்க்ரிட் பெர்க்மன் நீளமாக விளக்கினார். பொறுமையாகக் கேட்டார் மனிதர். கடைசியில், 'அப்ப வந்த மாதிரி பாவ்லா பண்ணிடும்மா' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்! தனக்குக் கிடைத்த பெஸ்ட் அட்வைஸ் அதுதான் என்று பிற்பாடு பெர்க்மனே சொன்னார்.

குரோசவா இன்னும் கெட்டிக்காரர். 'ரஷோமோன்' (1950) படத்தில் மிஃபுனேவுக்குக் கொள்ளைக்காரன் வேஷம். ஓய்வு நேரத்தில் ஆப்பிரிக்கக் காட்டுப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் சிங்கம் உலாத்தியது. 'இதான் நீ!' என்று காட்டிவிட்டார். பத்துப் பக்க விளக்கம் மிச்சம்!

ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேலை வாங்கியவர் நம்ம சத்யஜித் ரே. 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) நாணல் காட்டில் அக்காவைத் தேடி அப்பு தயங்கித் தயங்கி நடக்க வேண்டும். அந்தப் பொடியனோ நடிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். ரே என்ன செய்தார்? உதவியாளர்களை நாணலுக்குள் அங்கங்கே ஒளித்து வைத்துப் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட வைத்தார். வழியில் சின்னச் சின்னக் குச்சிகளைப் போட்டார். குரல் வந்த பக்கம் பையன் திரும்பினான். குச்சியைத் தாண்டினான். தேடல் தானாக வந்துவிட்டது!

சூட்சுமம் இதுதான். 'சோகமா இரு' என்றால் எவனுக்கும் சோகம் வராது. 'அந்தக் குச்சியைத் தாண்டு' என்றால் உடனே செய்யலாம்.

நாடகம், சினிமா இரண்டிலும் கொடிகட்டிய எலியா கஸான் யாரையும் சபையில் வைத்துத் திருத்த மாட்டார். தனியே கூட்டிப்போய்க் கிசுகிசுப்பார். பக்கத்து நடிகருக்கே விஷயம் தெரியாது. பத்துப் பேர் எதிரில் மூக்கறுபட்டவன் அடுத்த டேக்கில் நடிப்பில் கவனம் வைப்பானா, மானத்தைக் காப்பாற்றுவானா?

க்ளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு 'ஆக்ஷன்!' என்று கத்துவதே பிடிக்காது. டி.வி. கௌபாய் தொடரில் நடித்த காலத்தில் அந்தச் சத்தத்துக்குக் குதிரைகள் மிரண்டதைப் பார்த்தவர். டைரக்டரானதும், 'ரெடின்னா ஆரம்பிங்க' என்கிற பாணிதான். குதிரைக்கே அப்படியென்றால் மனுஷன்?

கேபினுக்குக் கூப்பிட்டு ரெண்டே வரியில் முடிக்க வேண்டியதை, ஹாலில் நிறுத்தி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்கிற மேனேஜர் உங்கள் ஆபீஸிலும் உண்டா?

இந்தப் பக்கத்தை அவர் டேபிளில் வைத்துவிட்டு வாருங்கள். வாயே திறக்காதீர்கள்!